இதயப் புயலின் நிலப்படம்

பிறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தன் தொழிலைத் தொடங்கி, உயிர் பிரியும் கணம் வரை ஓய்வென்பதை அறியாது உழைக்கும் உறுப்பு நம் இதயம். வளர்ந்த மனிதர் ஒருவரின் இதயம் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கின்றது. நாம் உறங்கினாலும், உரையாடினாலும், வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்து செவிசாய்த்தாலும் அது தன் தாளத்தை விடுவதில்லை. தாளம் பிசகாதவரை அப்படியொரு தாளம் இருப்பதையே நாம் நினைப்பதில்லை. பிசகும்போதுதான் நினைக்கிறோம். சில வேளைகளில் நினைப்பதற்கும் நேரம் இருப்பதில்லை.

இதயத்துக்கு அறைகள் நான்கு. மேலறைகள் இரண்டும் இரத்தத்தை வாங்கிக் கொள்கின்றன. கீழறைகள் இரண்டும் அதனை நுரையீரலுக்கும் உடல் முழுவதற்கும் செலுத்துகின்றன. வலது மேலறையின் உச்சியில் உள்ள ஒரு சிறு திசுத்திரளில் மெல்லிய மின் தூண்டல் ஒன்று பிறக்கின்றது. அது வகுத்து வைத்த வழியே இறங்கிக் கீழறைகளின் தசையெங்கும் பரவுகின்றது. பரவியவுடன் தசை சுருங்குகின்றது. இதுவே ஒரு துடிப்பு. மேலறைகளின் தாளம் கெட்டால் மனிதர் துன்புறுவர். ஆனால் பெரும்பாலும் உடனே உயிருக்கு ஆபத்து நேர்வதில்லை. கீழறைகளின் தாளம் கெடுவது வேறு வகை. நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்க வேண்டிய கீழறை, தானாகவே இருநூறு முறை துடிக்கத் தொடங்கினால், நிரம்புவதற்குள் சுருங்கிவிடும். இரத்த ஓட்டம் தளரும். இதனைக் கீழறை விரைதுடிப்பு எனலாம். அதுவும் சிதைந்து, தசையின் ஒவ்வோர் இழையும் தனித்தனியே துடிக்கத் தலைப்பட்டால், இதயம் சுருங்குவதே இல்லை, வெறுமனே நடுங்குகின்றது. கீழறை நடுக்கம் எனப்படும் இந்நிலை சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும்.

இந்தப் புயல் இதயத்தின் எந்த இடத்தில் பிறக்கின்றது? இதுவே மருத்துவர்கள் நெடுங்காலம் விடை தேடிய கேள்வி. நோயின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது, அதன் வேர் எங்கே என்று நாடி அறிய வேண்டும் என்பது நம் முன்னோரும் கண்ட நெறி. ஆனால் இங்கே வேர் என்பது கண்ணுக்குத் தெரியாதது. கணப்பொழுதில் ஓடி மறையும் மின்னோட்டத்தின் வழி. அந்த வழியை ஒரு நிலப்படமாக வரைவதற்கு மனிதர் மேற்கொண்ட முயற்சியின் வரலாற்றை இன்று காண்போம்.

திடீரென நேரும் சாவில் இதயம் அப்படியே நின்றுவிடுகின்றது என்றுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் பலரும் எண்ணினர். ஸ்காத்லாந்தில் அபர்தீன் நகரத்துப் பேராசிரியர் ஜான் மக்வில்லியம் என்பவர் இதனை மறுத்தார். விலங்குகளின் இதயங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அவர், மனிதரின் திடீர்ச் சாவுகளில் பலவற்றுக்குக் காரணம் இதயம் ஓய்ந்து போவதன்று, கீழறைகள் ஒழுங்கிழந்து நடுங்குவதே என்று 1889-ஆம் ஆண்டில் எழுதினார். அதை மெய்ப்பித்துக் காட்டும் கருவி அன்று இல்லை. ஆகவே அவர் சொல்லைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

கருவி வரும் காலம் அருகிலேயே இருந்தது. 1887-ஆம் ஆண்டில் இலண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர், மார்பைத் திறக்காமலேயே மனித இதயத்தின் மின்னசைவை உடலின் மேற்புறத்திலிருந்து பதிவு செய்து காட்டினார். ஹாலந்து நாட்டில் லெய்டன் நகரத்து வில்லெம் ஐந்தோவன், வெள்ளி பூசிய மெல்லிய படிகக்கல் இழையைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, அதனினும் நுட்பமான கருவியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தார். அக்கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். இயக்க ஐந்து பேர் வேண்டும். மருத்துவமனையில் கிடக்கும் நோயாளியைக் கருவியிடம் கொண்டுவர இயலாமையால், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்து, நோயாளியின் இதயத் துடிப்பைத் தம் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார் ஐந்தோவன். 1924-ஆம் ஆண்டில் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இன்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் எடுக்கப்படும் இ.சி.ஜி. அந்தக் கருவியின் வழித்தோன்றலே. தாளம் எப்போது பிசகியது, எவ்வளவு வேகத்தில் ஓடியது, மேலறையிலா கீழறையிலா என்பவற்றையெல்லாம் அந்த நெளிகோடு சொல்லிவிடும். ஆனால் கீழறையில் எந்த மூலையில் என்று கேட்டால் அது தெளிவாக விடை சொல்வதில்லை. ஊருக்கு வெளியே நின்று கேட்பவனுக்கு மேளம் ஒலிப்பது தெரியும்; எந்தத் தெருவில் என்று திசை மட்டுமே ஒருவாறு புலப்படும். இ.சி.ஜி.யின் நிலையும் அதுவே.

தெருவைக் கண்டறிவதற்கு முன்னர், புயல் எப்படிச் சுழல்கின்றது என்பதை அறிய வேண்டியிருந்தது. அதனை அறிந்தவர் ஜார்ஜ் ரால்ப் மைன்ஸ் என்னும் இளைஞர். கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த அவர், விலங்கின் இதயத் தசையிலிருந்து வளையம் ஒன்றை வெட்டியெடுத்து, அதில் ஒரு தூண்டலை எழுப்பினார். தூண்டல் ஒரு திசையில் மட்டும் செல்லுமாறு நேர்ந்தபோது, அது வளையத்தைச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தை அடைந்து, அங்கே தசை மீண்டும் ஆயத்தமாக இருப்பதைக் கண்டு, மறுபடியும் சுற்றிற்று. செக்கைச் சுற்றும் மாட்டைப் போல் அது முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தது. வேகமான துடிப்புகள் பலவற்றுக்கு இதுவே காரணமாகலாம் என்று 1913, 1914-ஆம் ஆண்டுகளில் மைன்ஸ் எழுதினார். மற்றொன்றும் சொன்னார்: இது சுழற்சிதான் என்று துணிவதற்குச் சான்று, வளையத்தை ஓரிடத்தில் வெட்டினால் அது நின்றுவிட வேண்டும்.

பிற்காலச் சிகிச்சை முழுவதற்கும் இந்த ஒரு சொல்லே வித்து. சுழற்சியின் வழியில் ஏதேனும் ஓரிடத்தை அறுத்தால் போதும்; இதயம் முழுவதையும் தொட வேண்டுவதில்லை. இதனைச் சொன்ன மைன்ஸ் அதன் பயனைக் காண உயிருடன் இல்லை. 1914 நவம்பரில், கனடாவின் மான்றியால் நகரில் தம் ஆய்வுக்கூடத்தில் உணர்விழந்து கிடந்த அவரைக் கண்டனர். கருவிகள் அவர் உடலில் பொருத்தப்பட்டிருந்தன. தம்மீதே சோதனை நடத்தியிருக்கலாம் என்று கருதப்பட்டது. அப்போது அவருக்கு வயது 28.

வளையம் ஆய்வு மேசையில் இருக்கும்போது வெட்டுவது எளிது. உயிருள்ள மனிதரின் இதயத்தில் அந்த வளையம் எங்கே? இதற்கு முதலில், நலமுள்ள இதயத்தில் மின் தூண்டல் எவ்வழியே செல்கின்றது என்ற படம் தேவைப்பட்டது. அதனை வரைந்தவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து டிர்க் டரர் என்பவரும் அவர்தம் குழுவினரும் ஆவர். இதய நோய் ஏதுமின்றி மூளைக் கோளாறுகளால் இறந்த ஏழு பேரின் இதயங்களை அவர்கள் பெற்றனர். அவற்றைச் சிறிது நேரம் துடிக்கச் செய்து, ஓர் இதயத்தில் 870 வரையிலான மின்முனைகளைத் தசைக்குள் பொருத்தி, தூண்டல் ஒவ்வொரு புள்ளியையும் எந்தக் கணத்தில் அடைகின்றது என்று குறித்தனர். ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நிகழும் அந்தப் பயணம், ஒரே நேரத்தில் நனைந்த இடங்களை வண்ணத்தால் காட்டும் மழைப் படம் போல் 1970-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மனித இதயத்தின் முதல் முழு நிலப்படம் என்று அதனைச் சொல்லலாம்.

படம் கத்திக்கு வழிகாட்டக் கூடும் என்பதற்கு அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே சான்று கிடைத்திருந்தது. 1968-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி என்னும் அறுவை மருத்துவர் மீனவர் ஒருவரின் மார்பைத் திறந்தார். பிறவியிலேயே மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் அமைந்துவிட்ட ஒரு கள்ளவழி அம்மீனவரை ஓயாது துன்புறுத்தி வந்தது. இதயத்தின் மேற்பரப்பில் மின்முனையால் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்த்து, கள்ளவழி இருக்கும் இடத்தைக் கண்டு, சீலி அதனை வெட்டினார். துன்பம் தீர்ந்தது. இது கீழறையிலேயே பிறக்கும் புயல் அன்று. ஆயினும், 'எங்கே' என்பதை அறிந்தால் தாளக் கோளாற்றைக் குணப்படுத்தவே முடியும் என்பதை உலகம் அன்று கண்டது.

கீழறைப் புயல்களில் பெரும்பாலானவை மாரடைப்பின் பின்விளைவு. மாரடைப்பில் இறந்த தசை நாளடைவில் தழும்பாகின்றது. தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் தழும்பின் நடுவிலும் ஓரங்களிலும் உயிர் தப்பிய தசையிழைகள் சில, பாறைகளுக்கிடையே செல்லும் சிற்றோடை போல் நெளிந்து செல்கின்றன. அவற்றின் வழியே தூண்டல் மெல்ல ஊர்ந்து மறுபுறம் வெளிவரும்போது, சுற்றியுள்ள நல்ல தசை மறுபடி ஏற்கும் நிலையில் இருக்கும். மைன்ஸ் கண்ட வளையம் அங்கே உருவாகிவிடுகின்றது.

1972-ஆம் ஆண்டில், டரரிடம் பயின்ற ஹெய்ன் வெலன்ஸ் ஒரு துணிவான செயலைப் பற்றி எழுதினார். கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாயை இரத்தக்குழாய் வழியே நோயாளியின் இதயத்துக்குள் செலுத்தி, கணக்கிட்ட நேரத்தில் சிறு மின் தூண்டல் கொடுத்தால், கீழறை விரைதுடிப்பை வேண்டும்போது எழுப்பவும், வேறொரு தூண்டலால் அடக்கவும் இயலும் என்று அவர் காட்டினார். நோயைத் தற்செயலாக வரும்வரை காத்திராமல், ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்துப் பார்க்க வழி பிறந்தது.

அந்த வழியில் நடந்து முதல் பெரும் பயனைக் கண்டவர், பிலடெல்பியாவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மார்க் ஜோசப்சன். மாரடைப்புக்குப் பின் கீழறைச் சுவர் மெலிந்து பை போல் வீங்கியிருப்பதுண்டு. அறுவை மருத்துவர்கள் அந்தப் பையை வெட்டியெடுத்து வந்தனர். ஆனால் புயல் பலருக்கு நிற்கவில்லை. ஜோசப்சனும் அவர் தோழர்களும் இடது கீழறைக்குள் கதீட்டரைச் செலுத்தி, விரைதுடிப்பை எழுப்பி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே உட்சுவரின் பல இடங்களைத் தொட்டுப் படம் வரைந்தனர். புயல் பிறக்குமிடம் கண்ணுக்குத் தெரியும் பையில் இல்லை. பையின் விளிம்பில், உட்புறத்து மெல்லிய படலத்தில் இருந்தது. 1979-ஆம் ஆண்டில், அறுவை மருத்துவர் ஆல்டன் ஹார்க்கனுடன் சேர்ந்து, அந்தப் படலத்தை மட்டும் சில மில்லிமீட்டர் கனத்துக்கு உரித்தெடுக்கும் முறையை அவர்கள் வெளியிட்டனர். தொல்லையிலிருந்து பலர் விடுபட்டனர். ஆயினும் நலிந்த இதயத்தைத் திறந்து செய்யும் அறுவை அது. மேசையிலேயே உயிரிழந்தோரும் உண்டு.

மார்பைத் திறக்க அஞ்சியவர்களுக்கு வேறு புகல் இல்லையா? இரண்டு புகல்கள் தேடப்பட்டன. முதலாவது மருந்து. மாரடைப்பு கண்டவர்களின் கீழறைகளில் எழும் மிகைத்துடிப்புகளை மருந்தால் அடக்கினால் திடீர்ச் சாவு குறையும் என்று நம்பினர். அமெரிக்காவில் நடந்த பெரியதோர் ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. என்கெய்னைடு, பிளெக்கெய்னைடு என்னும் மருந்துகளை உட்கொண்ட 755 பேரில் 63 பேர் இறந்தனர். வெற்று மாத்திரை உட்கொண்ட 743 பேரில் இறந்தவர் 26 பேரே. 1989-ஆம் ஆண்டில் ஆய்வின் அப்பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது. மிகைத்துடிப்புகளை அந்த மருந்துகள் அடக்கியது மெய். அடங்கியவர்களே மிகுதியாக மாண்டனர். இடம் அறியாது இதயம் முழுவதற்கும் கொடுக்கும் மருந்து, நல்ல தசையின் நடையையும் மாற்றிவிடுகின்றது என்ற பாடம் இத்தனை உயிர்களை விலையாகக் கொண்டு கிடைத்தது.

இரண்டாவது புகல், வார்சாவில் பிறந்த மிக்கேல் மிரோவ்ஸ்கியின் கருவி. தம் ஆசிரியர் ஒருவர் 1960-களில் கீழறை விரைதுடிப்புக்கு இரையானதைக் கண்டு கலங்கிய அவர், உடலுக்குள்ளேயே இருந்து காவல் காத்து, புயல் எழுந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துத் தாளத்தை மீட்கும் கருவியை உருவாக்க உறுதி பூண்டார். பலர் நகைத்தனர். 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அது முதன்முதலாக மனித உடலில் பொருத்தப்பட்டது. டிபிப்ரிலேட்டர் என்னும் இக்கருவி எண்ணற்றோரைச் சாவினின்றும் காத்துள்ளது. ஆனால் தீ மூண்டபின் நீர் ஊற்றுவதே அதன் தொழில். தீ மூளாமல் தடுப்பதன்று. நினைவோடு இருக்கும்போதே மார்பில் விழும் அடி, மறுபடி எப்போது விழுமோ என்ற அச்சம் ஆகியவற்றுடன் வாழ்ந்தவர்களுக்கு, வேரையே களையும் சிகிச்சை தேவையாகவே இருந்தது.

வேரைக் களையக் கதீட்டரே கருவியாயிற்று. 1980-களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷைன்மனும் பிறரும், கதீட்டரின் முனை வழியே மின்னதிர்ச்சி பாய்ச்சி, இதயத்துக்குள் குறித்த இடத்துத் திசுவை அழித்தனர். 1983-ஆம் ஆண்டில் ஜெப்ரி ஹார்ட்ஸ்லர் அம்முறையைக் கீழறைப் புயலுக்குப் பயன்படுத்தியதை எழுதினார். ஆனால் மின்னதிர்ச்சி ஒரு சிறு வெடி போன்றது. அளவாக அடிப்பது அரிது. சில ஆண்டுகளில் அதன் இடத்தை ரேடியோ அதிர்வெண் கொண்ட மின்னோட்டம் பிடித்தது. இச்செய்தி வானொலி நேயர்களுக்கு வியப்பூட்டும். வினாடிக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் அதிர்வுகள் கொண்ட அம்மின்னோட்டம், மத்திய அலை ஒலிபரப்பு தொடங்கும் எல்லைக்கு மிக அருகில் உள்ளது. அது இதயத்தை உலுக்குவதில்லை. முனை தொடும் இடத்தை மட்டும் சூடாக்குகின்றது. ஐம்பது பாகை வெப்பத்துக்கு மேற்பட்டால் அவ்விடத்துத் தசை சில மில்லிமீட்டர் அளவுக்கு மடிந்து, மின்சாரம் கடத்தாத சிறு தழும்பாகின்றது. மைன்ஸின் வளையத்தை அறுக்கும் கத்தி கிடைத்துவிட்டது.

கத்தி சிறிதாகச் சிறிதாக, அதை வைக்கும் இடத்தைக் கண்டறியும் பொறுப்பு பெரிதாயிற்று. இடம் அறிய ஒரு நுட்பம் வகுக்கப்பட்டது. விரைதுடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, கதீட்டரின் முனையிலிருந்து அதைவிடச் சற்றே வேகமாகத் தூண்டல் கொடுப்பார்கள். முனை சுழற்சியின் வெளியே இருந்தால் இ.சி.ஜி.யின் வடிவம் மாறும். தழும்புக்குள் ஓடும் குறுகிய ஓடையிலேயே முனை இருந்தால், வேகம் கூடுமேயன்றி வடிவம் மாறாது. தூண்டலை நிறுத்தியதும் ஒரு சுற்று நேரத்தில் புயல் அதே இடத்துக்குத் திரும்பி வரும். வில்லியம் ஸ்டீவன்சனும் அவர் குழுவினரும் 1993-ஆம் ஆண்டில் இந்த அடையாளங்களை முறைப்படுத்தித் தந்தனர். மடை எது என்று தெரிந்துவிட்டால், அதை அடைத்தால் போதுமன்றோ?

ஆயினும் மருத்துவரின் கண் எதிரே இருந்தது எக்ஸ்ரே திரையின் நிழல்தான். ஆழமும் அகலமும் உடைய இதயம் அதில் தட்டையாகத் தெரிந்தது. சற்றுமுன் தொட்ட இடம் எது, சுட்ட இடம் எது என்பதை மருத்துவர் மனத்திலேயே வைத்திருக்க வேண்டும். இக்குறையைத் தீர்த்தது இஸ்ரேலின் ஹைபா நகரத்துத் தொழில்நுட்பக் கழகத்தில் ஷ்லோமோ பென்ஹைம் உருவாக்கிய முறை. நோயாளி கிடக்கும் மேசையின் அடியில் மூன்று கம்பிச் சுருள்கள் மெல்லிய காந்தப் புலங்களை எழுப்புகின்றன. கதீட்டரின் முனையில் உள்ள சிறு உணர்கருவி அந்தப் புலங்களின் வலிமையை அளந்து, தான் வெளியில் எந்தப் புள்ளியில் இருக்கின்றது என்பதைச் சொல்கின்றது. பிழை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள் அடங்கும். முனை தொட்ட ஒவ்வோர் இடமும், அங்கே மின் தூண்டல் வந்த கணமும் கணிப்பொறியில் சேர்ந்து, வண்ணம் தீட்டிய முப்பரிமாண இதயமாகத் திரையில் எழுகின்றது. 1996, 1997-ஆம் ஆண்டுகளில் இம்முறையின் விவரங்கள் வெளியாயின. டரர் ஏழு உயிரற்ற இதயங்களில் வரைந்ததைப் போன்ற படத்தை, இனி உயிருள்ளவரிடமே வரைய முடிந்தது.

ஆனால் இதுவரை சொன்ன முறைகளிலெல்லாம் ஒரு கொடுமை மறைந்திருந்தது. படம் வரைய வேண்டுமானால் புயலை எழுப்ப வேண்டும். எழுப்பிய புயல் வரைந்து முடியும்வரை வீசிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளியைச் சாவின் விளிம்புக்கு அழைத்துச் சென்று அங்கே நிறுத்தி வைப்பதற்கு இது ஒப்பாகும். வலுவுள்ள சிலரே அதனைத் தாங்கினர். பலருக்கு விரைதுடிப்பு தொடங்கிய சில கணங்களிலேயே இரத்த அழுத்தம் வீழ்ந்து நினைவு தவறியது. உடனே மின்னதிர்ச்சி கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று. இதயம் மிகவும் நலிந்தவர்களுக்கே சிகிச்சை மிகவும் தேவை. அவர்களுக்கே படம் வரைய இயலவில்லை.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளிவரும் வழியை, 2000-ஆம் ஆண்டில், பிலடெல்பியாவிலேயே பிரான்சிஸ் மார்க்லின்ஸ்கியும் அவர் குழுவினரும் எழுதிக் காட்டினர். புயலை ஏன் எழுப்ப வேண்டும்? இதயம் அமைதியாகத் துடிக்கும்போதே, தொட்ட ஒவ்வோர் இடத்திலும் மின்னழுத்தம் எவ்வளவு என்று அளந்தால் போதாதா? நலமுள்ள தசை ஒன்றரை மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டுகின்றது. அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைந்தால் அங்கே அடர்ந்த தழும்பு. இரண்டுக்கும் இடைப்பட்டது விளிம்பு நிலம். புயலின் ஓடைகள் ஓடுவது அங்கேதான். விளிம்பைக் குறுக்காக வெட்டும் கோடுகளாகச் சுட்டுக்கொண்டே போனால், எழுப்பாமலேயே புயலின் வழியை அடைத்துவிடலாம்.

எண்ணிப் பார்த்தால் இது ஒரு பெரும் திருப்பம். அதுவரை புயலையே படம் பிடிக்க முயன்றவர்கள், இப்போது புயல் வீசும் நிலத்தைப் படம் பிடித்தனர். வெள்ளம் வரும்வரை காத்திருந்து அதன் போக்கைப் பார்ப்பதற்கு மாறாக, வறண்ட கோடையிலேயே மேடு பள்ளங்களை அளந்து, வெள்ளம் எவ்வழியே வரும் என்று கணித்துக் கரை கட்டும் அறிவு அது. பின்வந்த ஆண்டுகளில், அறுபத்து நான்கு நுண்ணிய மின்முனைகள் கொண்ட சிறு கூடை போன்ற கதீட்டர்கள் வந்தன. அவை பல்லாயிரம் புள்ளிகளை விரைவில் அளந்தன. தழும்புக்குள் மெல்ல ஊர்ந்து காலந்தாழ்ந்து ஒலிக்கும் மிக மெல்லிய மின்குறிகளையும் அவை பிடித்தன. எம்.ஆர்.ஐ. படங்களில் தெரியும் தழும்பையும் அதே திரையில் பொருத்திப் பார்க்கும் முறையும் சேர்ந்தது.

உட்சுவரை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் சிலரிடம் புயலின் வழி அகப்படவில்லை. காரணத்தைக் கண்டவர்கள் பிரேசில் நாட்டு மருத்துவர்கள். அந்நாட்டில் கார்லோஸ் ஷாகஸ் 1909-ஆம் ஆண்டில் விவரித்த நோய் ஒன்று உண்டு. ஒருவகை மூட்டைப்பூச்சியால் பரவும் நுண்ணுயிர், ஏழைகளின் மண் குடிசைகளில் உறங்குவோரின் உடலில் புகுந்து, பல்லாண்டுகள் கழித்து இதயத்தைத் தழும்பாக்குகின்றது. அத்தழும்பு பெரும்பாலும் சுவரின் வெளிப்புறத்தில் ஆழப் படிகின்றது. சாவோ பாலோ நகரத்து எதுவார்தோ சோசாவும் தோழர்களும், முதுகுத்தண்டில் மயக்க மருந்து செலுத்தப் பயன்படும் ஊசியை எடுத்து, மார்பெலும்பின் அடியில் குத்தி, இதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் கதீட்டரைச் செலுத்தினர். மார்பைத் திறக்காமலேயே இதயத்தின் வெளிப்புறப் படம் கிடைத்தது. 1996-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இம்முறையை இன்று பல நாட்டு மருத்துவர்கள் கையாளுகின்றனர். ஏழைகளின் நோயைத் தீர்க்கப் பிறந்த நுட்பம் எல்லாருக்கும் பயன்பட்டது.

கீழறை நடுக்கத்துக்குப் படம் வரைய இயலுமா? மக்வில்லியம் சொன்ன அந்த நடுக்கத்தில் ஒழுங்கென்பதே இல்லையே! பிரான்சு நாட்டின் போர்தோ நகரத்து மிஷேல் ஹைசகேரும் அவர் குழுவினரும் நடுக்கத்தை விட்டுவிட்டு, அதனைத் தொடங்கி வைக்கும் முதல் துடிப்பைத் தேடினர். இதய அமைப்பில் குறை ஏதுமின்றி இந்நோய்க்கு ஆளான 27 பேரை ஆராய்ந்து, அவர்களுள் 23 பேரிடம் அந்தத் தீப்பொறி பர்கின்ஜே இழைகளில் பிறப்பதைக் கண்டு, 2002-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இந்த இழைகளை யான் பர்கின்ஜே ஆட்டின் இதயத்தில் முதன்முதலாகக் கண்டது 1839-ஆம் ஆண்டில். அவற்றின் தொழில் என்னவென்று அன்று அவருக்குத் தெரியாது. ஜப்பானியரான சுனாவோ தவாரா, மின் தூண்டலைக் கீழறையெங்கும் பரப்பும் வழிகளின் கடைக்கிளைகள் அவை என்று 1906-ஆம் ஆண்டில் காட்டினார். உயிர் காக்கும் அந்த இழைகளே சிலரிடம் உயிர்க்கொல்லித் துடிப்பைப் பிறப்பிக்கின்றன என்பது, முதலில் கண்ட நாளிலிருந்து நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது.

இறுதியாக, இதயத்துக்குள் நுழையாமலேயே படம் வரைந்து, நுழையாமலேயே சிகிச்சை செய்ய முயன்ற கதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், இருநூற்றுக்கும் மேற்பட்ட மின்முனைகள் தைத்த அங்கியை நோயாளிக்கு அணிவித்து, மேற்புறத்து மின்குறிகளிலிருந்து கணக்கிட்டு, புயல் பிறக்கும் இடத்தைக் கண்டனர். புற்றுநோய்க்குப் பயன்படும் கதிர்வீச்சை அவ்விடத்தில் ஒரே முறை செலுத்தினர். வேறு சிகிச்சையால் பயன் காணாத ஐந்து பேரைப் பற்றிய அறிக்கை 2017-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதங்களில் அந்த ஐவருக்கும் சேர்த்து 6577 முறை விரைதுடிப்பு எழுந்திருந்தது. சிகிச்சைக்குப் பின் ஆறு வாரங்கள் கழிந்ததும், எஞ்சிய காலம் முழுவதிலும் அது எழுந்தது நான்கே முறை. ஆனால் ஐவருள் ஒருவர் சில வாரங்களிலேயே பக்கவாதத்தால் இறந்தார். ஐந்து பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. கதிர்வீச்சு நெடுநாள் கழித்து என் செய்யும் என்பதை ஆராய்ந்து வருகின்றனர்.

இத்தனையும் அறிந்த பின்னும் வெற்றி முழுமையானது என்று கூற இயலாது. 2024-ஆம் ஆண்டில் கனடா மருத்துவர்களின் தலைமையில் நடந்த ஆய்வொன்று வெளியாயிற்று. மாரடைப்பின் தழும்பால் விரைதுடிப்புக்கு ஆளான 416 பேரில் ஒரு பாதியினருக்கு முதலிலேயே கதீட்டர் சிகிச்சையும், மறுபாதியினருக்கு மருந்தும் அளிக்கப்பட்டன. சாவோ மீண்டும் எழுந்த புயலோ நேர்ந்தவர்கள் மருந்துப் பிரிவில் நூற்றுக்கு அறுபதுக்குச் சற்று மேல்; கதீட்டர் பிரிவில் நூற்றுக்கு ஐம்பதுக்குச் சற்று மேல். கதீட்டரே மேல் என்பது தெளிவாயிற்று. அதே வேளையில், படம் வரைந்து சுட்ட பின்னும் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு துன்பம் நேர்ந்தது என்பதும் அந்த எண்ணிலேயே உள்ளது. தசையின் ஆழத்தில் ஓடும் ஓடைகள் இன்னும் பல அகப்படாமல் இருக்கின்றன. நலிந்த இதயம் புதிய தழும்புகளையும் தேடிக்கொள்கின்றது.

தம் வளையத்தை ஓரிடத்தில் வெட்டினால் சுழற்சி நிற்கும் என்று 28 வயது இளைஞர் ஒருவர் எழுதி வைத்துச் சென்று நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அதன்பின் வந்தவர்கள் அனைவரும் தேடியது அந்த ஓரிடத்தையே. இறந்தவரின் இதயத்திலும், திறந்த மார்பிலும், பொங்கியெழுந்த புயலிலும் அவர்கள் தேடினர். கடைசியில், நோயாளி அமைதியாகக் கிடக்க, அவர் இதயம் சீராகத் துடித்துக்கொண்டிருக்கும் வேளையிலேயே தேடக் கற்றுக்கொண்டனர். நோயாளியை வருத்தாமல் நோயை அறிவதே மருத்துவத்தின் உயர்ந்த நிலை. இதயத்தின் நிலப்படம் இன்னும் முற்றுப் பெறவில்லை. ஆனால் அதை வரையும் கை, முன்னைவிட இரக்கமுள்ள கையாக மாறியிருக்கின்றது.